நரிப்பள்ளத்து ஏழாவது கல்லு

ஒரு நாட்டுல ஒரு பள்ளமாமுங்க. பள்ளத்துக்கு அக்கட்ட ஒரு கரையாமா, இக்கட்ட ஒரு கரையாமா. உள்ளார ஒரு நரிக்கூட்டம் குடியிருந்துச்சாமா. ஒரு நாளைக்கு ஒரு ராசா வந்து நரியவெல்லாம் முடுக்கித் தொரத்திப்போட்டு, பூச்செடி நட்டு, "இனிமே இதுல மனுசன்தான் நடக்கோணும், மாடு நடக்கப்படாது"ன்னு பலகை எழுதி வச்சுட்டாராமா… ஏனுங்க, கதை சொன்னா 'உம்' கொட்டோணுமல்லோ? கொட்டமாட்டீங்களா? சரி உடுங்க. ஆபீசருங்க சும்மா 'உம்' கொட்டீருவாங்களா, அதுக்கும் மேல எடத்துல இருந்து உத்தரவு வரோணுமாட்ட இருக்குது.

அட, அந்த ஓரத்துல உக்காராதீங்க, கல்லு சுட்டுப்போடும். இப்படி நகந்து வாங்க. இதுவும் சுடுந்தான். ஆனா இது மெதுவாச் சுடும். பெஞ்சு போட்டாங்களே, பெஞ்சுக்கு ஒரு நெழலு வேணுமேன்னு யாருக்காச்சும் தோணுச்சுங்களா? பாருங்க, நெழலு அக்கரையில. அத்தாம்பெரிய புளியமரம். பெஞ்சு இக்கரையில. ஏன் அப்படீன்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா? கேக்காட்டி என்ன, சொல்றேன்.

நாந்தானுங்க மருதாசலம். மனுப் போட்டவன். உங்க பைக்குள்ள இருக்கறது என்ற மனுதானுங்களே? "வெள்ளிக்கெழம தாலூக்கா ஆபீசுல இருந்து ஒருத்தரு பள்ளத்தப் பாக்க வாராரு"ன்னு காலேசு வாட்சுமேன் காத்தான் சொன்னான். காலையில இருந்து இங்கயே உக்காந்திருக்கறேன். கஞ்சி கூடக் குடிக்கப் போகலீங்க. நான் அக்கட்ட போயி நீங்க இக்கட்ட வந்துட்டா? காத்தான் உங்களப் புடிச்சு அவன் கதையச் சொல்லீருவான். அவன் கதை இருக்குதே… அது வருது, வருது, இருங்க.

மொதல்ல எடத்தப் பாத்துக்குங்க. மேல ரோடு. ரோட்டோரமாக் காலேசு. கீழ பசங்க தங்கற ஆஸ்டலு. அதுக்கும் கீழ என்ற காடு, மூணு ஏக்கரா, கடலக்கா போட்டிருக்கறன். ரோட்டுக்கும் என்ற காட்டுக்கும் நடுவால நீளமாக் கெடக்குறதுதான் இந்த நரிப்பள்ளம். காலேசு வந்தும் இருவது வருசமா ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க. உடமுள்ளு, கத்தாழ, செத்த கன்னுக்குட்டிய இழுத்துட்டு வந்து போடற எடம். மழை பேஞ்சா நாலு நாளைக்குத் தண்ணி போகும். மத்த நாளெல்லாம் இந்த வடகரையோரமா என்ற வண்டி போகும். எங்கப்பாரு காலத்துத் தடமுங்க. மாட்ட அவுத்து உட்டாக்கூடத் தானா ஊடு வந்து சேந்துரும். பத்திரமும் இல்ல, பட்டாவும் இல்ல. தடத்துக்கு யாருங்க பட்டா கேட்டாங்க?

அப்பத்தான் புதுசா ஒரு பிரின்சிபாலு வந்தாரு. நெம்ப நல்ல மனுசன். நல்ல மனுசனாலதானுங்க ஊருக்கு இத்தன தொந்தரவு. சீமைக்குப் போயிட்டு வந்தவரு. அங்க ஒரு காலேசுல இதே மாதரி ஒரு பள்ளமாமா. அதுல நடைபாதை போட்டு, பசங்க அதுல நடந்து நடந்தே பெரிய பெரிய வேலைக்குப் போயிட்டாங்களாமா. சரிங்க, இருக்கும். நானும் இருவது வருசமா இதே பள்ளத்துல நடந்திருக்கறேன், எனக்கு ஒரு தலையாரி வேல கூட வரலீங்களே!

மேட்டூரு அணை வேல முடிஞ்சு கல்லுடைக்கறவங்க ஊரு திரும்பீட்டிருந்தாங்க. அவங்களப் புடிச்சு நிறுத்தி வேலய ஆரம்பிச்சாரு. அணைக்குக் கல்லு சொமந்த ஆளுக, பூச்செடிக்கு வரப்பு கட்டுனாங்க. பாதையாச்சும் நேராப் போட்டாங்களா? மேல இருந்து கீழ போறதுக்கு எரநூறு எட்டு எடுத்து வச்சாப் போதும். அத வளைச்சு, திருப்பி, ஒரு பாறையச் சுத்தி, மறுக்கா வளைச்சு முந்நூத்தம்பது எட்டு ஆக்கிப்போட்டாங்க. "ஏனுங்க இப்படி"ன்னு கேட்டேன். "வளைஞ்சு போனாத்தான் அழகு"ன்னாரு. என்ற மாடு மூத்திரம் பேஞ்சுட்டே போனா இதே மாதரிதான் வளைஞ்சு போகும், அதுக்கு எதுக்குங்க சீமைக்குப் போகோணும்?

இந்தப் புல்லப் பாருங்க. தொடாதீங்க, தொடப்படாது, பாருங்க மட்டும். எங்கியோ பெங்களூருப் பக்கம் இருந்து வந்த புல்லாமா. ஆடு திங்கப்படாது, மாடு திங்கப்படாது, மனுசன் மிதிக்கப்படாது. பொறவு எதுக்குங்க அதுக்குப் புல்லுன்னு பேரு? தண்ணி தானா ஓடுன பள்ளத்துக்கு இப்பக் கொடத்துல மொண்டு மொண்டு ஊத்தறாங்க. பொழுதோட வந்து பாருங்க நீங்க. வாத்தியாருங்க கீழ வரைக்கும் நடப்பாங்க. என்னமோ சோலியாப் போறாங்கன்னு பாத்தா, அங்க போயி நின்னு, ஆகாசத்தப் பாத்துட்டு, திரும்பி மேல வாராங்க! எதையாச்சும் மறந்து வச்சுட்டு வந்தாங்களான்னா அதுவும் இல்ல. நடக்கறதுக்கோசரமே நடக்கறாங்களாமா. இந்த ஊருல கஞ்சித்தூக்கு இல்லாம நடந்த ஆள நான் இப்பத்தானுங்க பாக்கறேன்.

நடந்துட்டுப் போகட்டும். நான் வேண்டாங்கல. அந்த இரும்புச் சுத்துக்கதவப் பாத்தீங்களா, தடத்து வாயில? மனுசன் சுத்தி உள்ள வரலாம், வண்டி வர முடியாது. கலெக்டரு துரை வந்து நாடா வெட்டுன அன்னைக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனனுங்க. தட்டி முடிச்சுத் திரும்பிப் பாத்தா என்ற வண்டி வெளிய நிக்குது, காடு உள்ள இருக்குது. இப்ப எருக் கொண்டு போறதுன்னா ஏரிக்கரையச் சுத்தி மூணு மைலு. ஏரிக்கரை சேத்துல போன மாசம் அச்சு முறிஞ்சு போச்சு. செவலைக் காளைக்குக் காலு வீங்கி இன்னும் எந்திரிக்கல. வார புதங்கெழம கடலக்கா புடுங்கோணும். புடுங்கிப்போட்டு என்ன பண்றது? இந்த முந்நூத்தம்பது எட்டுலயும் தலையில சொமந்துட்டு அழகா வளைஞ்சு வளைஞ்சு போறதுங்களா?

பிரின்சிபால் ஐயா கிட்டப் போயி அழுதனுங்க. பாவம், அவருக்கே சங்கட்டமாப் போச்சு. "மருதாசலம், தென்கரையில வண்டித்தடம் உடறேன். புளியமரத்தடியிலதான் உடோணும், வேற எடமில்ல. ஆனா அங்க கன்னிமாரு கல்லு ஏழு இருக்குதே! அது பழைய கல்லு இல்லைன்னு தாலூக்கா ஆபீசுல இருந்து ஒருத்தரு பாத்து எழுதிக் குடுக்கட்டும், ஊரக் கூட்டி எடுத்து வேற எடத்துல வச்சரலாம்"னாரு. அதுக்குத்தானுங்க மனு. அதுக்குத்தானுங்க நீங்க. ஒரே ஒரு வரி. "இது பழைய கல்லு இல்லை." அத்தன எழுதுனாப் போதுமுங்க, என்ற கடலக்கா ஊடு வந்து சேந்துரும்.

ஆமா, அந்தா தெரியுது பாருங்க. மஞ்ச பூசி, வெள்ளத்துணி கட்டி, வரிசையா ஏழு. பாலந்தாண்டிப் போனா அங்கதான். இந்தப் பாலமே கன்னிமாருக்குன்னு போட்டதுதான். என்ற மாட்டுக்கு ஒரு தடமில்ல, கன்னிமாருக்கு ஒரு பாலம்!

காத்தான் கதை சொல்றன்னு சொன்னனல்லோ. அந்தக் கல்ல மொதல்ல பாத்தவன் அவந்தான். ஆடிப் பதினெட்டுக்கு மறாநாள், மூச்சு வாங்க ஓடியாறான். "ஏழு கன்னிமாரும் பள்ளத்துல வந்து உக்காந்திருக்கறாங்க! மூணு நாளா என்ற கனாவுல வந்து, புளியமரத்தடியில எங்களப் பாரு, எங்களப் பாருன்னு கூப்புட்டாங்க!"ங்கறான். மூணு நாளாமா! கல்லு வந்தே ஒரு நாள்தான் ஆச்சு, அவனுக்குக் கனா மூணு நாளைக்கு முந்தியே வந்துருச்சு! ஏழு பேருக்கும் என்ன சீலை, என்ன கொண்டை, எல்லாம் சொல்றான். கடைசிக் கன்னி மட்டும் கொஞ்சம் குட்டையா, குண்டா இருந்தாங்களாமா. அத மட்டும் சரியாத்தான் சொன்னான்.

எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நல்லாக் கேளுங்க. இல்ல, கேக்காதீங்க. கேக்காட்டித்தான் சொல்ல முடியும்.

பிரின்சிபாலு மொதல்ல பாதைய தென்கரையிலதான் போடறதா இருந்தாரு. மரத்தடி, நெழலு, பெஞ்சு, எல்லாம் அங்கதான். என்ற வண்டித்தடத்தத் தொடறதா நெனப்பே இல்லீங்க. அந்தாளுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்ல. ஆனா அந்தப் புளியமரம் இருக்குதே… பொறம்போக்கு மரந்தான். இருந்தாலும் எங்கப்பாரு காலத்துல இருந்து நாங்கதானுங்க உலுக்கறோம். வருசத்துக்கு அத்தன புளி. மரத்தடியில பெஞ்சு போட்டா என்ன ஆகும்? எரநூறு பசங்க, ஆளுக்கொரு கல்லு உட்டா, பிஞ்சுலயே மரம் மொட்டை. பொறவு மரத்துக்கு நம்பர் அடிச்சு, காலேசு மரம்னு பலகை மாட்டீருவாங்க. யோசன பண்ணிப் பண்ணி எனக்குச் சோறு எறங்கல.

ஆடிப் பதினெட்டு அன்னைக்கு ஊரே வண்டி கட்டீட்டுக் காவேரிக்குப் போச்சு, பள்ளிபாளையத்துக்கு. காலேசுக்கும் லீவு. நான் மட்டும் காலு வலிக்குதுன்னு படுத்துட்டேன். எல்லாத்தோட வண்டியும் ஊரத் தாண்டற வரைக்கும் மொனகீட்டே படுத்திருந்தனுங்க. பொறவு எந்திரிச்சேன். அங்க ஆத்தங்கரையில அவங்க ஏழு கல்லு வச்சுக் கன்னிமாரக் கும்புடறாங்க. இங்க பள்ளத்தங்கரையில நான் ஏழு கல்லு நடறேன். கும்புடற நாளுந்தப்பல, முகூர்த்தமுந்தப்பல பாருங்க.

கெணறு வெட்டுன கல்லு கெடந்துச்சு, ஆறு கல்லு அதுல தேறுச்சு. ஏழாவதுக்குப் பொருத்தமா ஒண்ணும் அமையல. ஒண்ணு பட்டையா இருக்குது, ஒண்ணு தூக்க முடியல. பொழுது எறங்குது. காவேரிக்குப் போன வண்டிச் சலங்கைச் சத்தம் தூரத்துல கேக்குது. ஓட்டமா ஊட்டுக்கு ஓடுனேன். அடுப்படியில அம்மி. அம்மி மேல குழவி. கையில எடுத்தேன், வந்தேன், நெட்டுக்குத்தா நட்டேன், பாதி மண்ணுக்குள்ள, பாதி மேல. மஞ்சள அப்பி, வேப்பந்தழையக் கட்டிப்போட்டு வந்து மறுக்கா மொனகீட்டுப் படுத்துட்டனுங்க.

சிரிக்கறீங்களா? இல்லையா. தும்மலா. சரி.

மறாநாள் பிரின்சிபாலு வந்தாரு. ஊரே நிக்குது. பூட்சக் கழட்டுனாரு, தொப்பியக் கழட்டுனாரு. "ஊரு நம்பிக்கைய நாம தொடப்படாது"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள அத்தன சந்தோசம்! அங்கயே பிளான் காயிதத்த விரிச்சாரு. பென்சில எடுத்தாரு. தென்கரைக் கோட்ட அழிச்சாரு. பென்சிலு பள்ளத்தத் தாண்டி இக்கட்ட வந்துச்சுங்க பாருங்க… அப்படியே என்ற வண்டித்தடத்து மேல போட்டாரு ஒரு கோடு. "என்ன மருதாசலம், சரிதானே?"ன்னாரு. அத்தன பேருக்கு முன்னால என்னத்தச் சொல்றது? தலையாட்டுனனுங்க.

தடந்தான் போச்சு, புளியாவது மிஞ்சுச்சான்னு கேளுங்க. மாசி மாசம் தொரட்டி எடுத்துட்டு மரத்துக்குப் போறேன், காத்தான் குறுக்க நிக்கறான். "கன்னிமாரு மரத்துல ஏறப்படாது"ங்கறான். அவந்தான் இப்பப் பூசாரி. காக்கிச் சட்டைக்கு மேல துண்டக் கட்டீட்டு மணி ஆட்டறான். பழமெல்லாம் தானா உழுந்து, புழுத்துப்போச்சு. பரீச்சை வந்தாப் பசங்க கும்பலா வந்து கல்லச் சுத்தறாங்க. அந்த நடைபாதையில நடந்து படிச்சதெல்லாம் பத்தாதாட்ட இருக்குது.

எங்க ஊட்டு அக்கப்போரு தனி. என்ற ஊட்டுக்காரி சௌந்திரம், குழவியக் காணோம்னு அன்னைக்குப் புடிச்ச ஒப்பாரி இன்னைக்கும் ஓயல. அவ அம்மா ஊட்டுச் சீதனக் குழவீங்க அது. பக்கத்து ஊட்டுல கொஞ்ச நேரம் எரவல் வாங்கித்தான் இன்னும் மொளகா அரைக்கறா. நடுவால எங்க மக அங்கம்மாளுக்குக் காய்ச்ச வந்து ஒம்பது நாள் கண்ணத் தொறக்கல. சௌந்திரம் போயி அந்த ஏழு கல்லு முன்னால உழுந்து கெடந்தா. பத்தாம் நாள் புள்ள எந்திரிச்சுக் கஞ்சி கேட்டுச்சு. நான் என்னங்க சொல்றது? "உங்கம்மா ஊட்டுக் குழவிதான் புள்ளயக் காப்பாத்துச்சு"ன்னு சொல்றதுங்களா?

அதுல இருந்து வெள்ளிக்கு வெள்ளி விளக்குப் போடறா. ஒரு நாள் நானும் கூடப் போனேன். கடைசிக் கல்லு முன்னால கையக் கூப்பி நின்னு, கண்ண மூடிக்கிட்டு, சத்தமா வேண்டறா: "தாயே, எங்க ஊட்டுக் குழவிய எடுத்துட்டுப் போனவன் கை ஓஞ்சு போகோணும்!" யாருகிட்ட, பாருங்க. குழவிகிட்டயே! மஞ்சள வழிச்சு வழிச்சுப் பூசறா, அடையாளந் தெரியல. பதனஞ்சு வருசம் புடிச்சு அரைச்ச குழவீங்க.

அன்னையில இருந்து இந்தச் சோத்துக்கைத் தோள்பட்டையில ஒரு வலி. எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. வலி மட்டும் இருக்குது.

நானே புடுங்கிப்போட்டா என்னன்னு நெனச்சேன். நட்டவனுக்குப் புடுங்கத் தெரியாதா? போன வாரம் நட்டநடு மத்தியானம், காத்தான் சோத்துக்குப் போன நேரமாப் பாத்துப் போனேன். குழவி மேல கைய வச்சேன். மஞ்சளும் எண்ணையுமா வழுக்குது. பக்கத்துல யாரோ ஒரு புள்ளையோட தொட்டிலுத் துணிய முடிஞ்சு வச்சிருக்கறாங்க. அத நவுத்துனாத்தான் குழவிய எடுக்க முடியும். நவுத்தலாம். துணிதானுங்க… கை வரல. தோள்பட்டை வலீங்க, வேற ஒண்ணுமில்ல. திரும்பி வந்துட்டேன்.

அதனாலதானுங்க உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். ஊருக்கு முன்னால நான் சொன்னா நம்பமாட்டாங்க, சௌந்திரம் நம்பீட்டா ஊட்டுக்குள்ள சேக்கமாட்டா. நீங்க கவர்மெண்டு. நீங்க எழுதுனா அது எழுத்து. என்ற பேரு வேண்டாம், குழவி சமாச்சாரம் வேண்டாம். "பழைய கல்லு இல்லை." ஒரு வரி.

ஆ, பையத் தொறக்கறீங்களா! நல்லதுங்க, நல்லதுங்க. ஆமா, அதுதான் என்ற மனு, கீழ என்ற கைநாட்டு. பென்சிலு வேணுங்களா? காத்தான் கிட்ட இருக்கும்… பைக்குள்ள இன்னும் தேடறீங்களா? நெதானமாத் தேடுங்க…

ஏனுங்க, அது என்னதுங்க? தேங்காயா? வெத்தலையா? இன்னொண்ணு… சூடமா?

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? செருப்ப எதுக்குக் கழட்டறீங்க? இத்தன நேரம் நான் என்ன சொன்னேன்? கெணத்துக் கல்லுங்க அது! ஆறும் கெணத்துக் கல்லு! சாமி… பாலத்து மேல கால் சுடும், ஓரமாப் போங்க… ஏனுங்க, மனுவ எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? அங்க எழுத எடமில்லீங்க!

ஐயோ, தேங்காயும் ஒடைச்சாச்சு. நல்லாத்தான் ஒடைஞ்சிருக்குது, ரெண்டு மூடியும் சமமா.

என்ன பண்றீங்க? மடிக்கறீங்களா? மனுவ எதுக்கு நாலா மடிக்கறீங்க? அட… அட, அங்க வைக்காதீங்க! கல்லுக்கு அடியில வைக்காதீங்க! அந்தக் கல்லு மேல குடுத்த மனுவ அந்தக் கல்லு கிட்டயே குடுக்கறீங்களே, இது எந்தத் தாலூக்காக் கச்சேரியில நடக்குமுங்க! அதுவும் கடைசிக் கல்லுக்கடியிலயா! ஏனுங்க, அது என்ற ஊட்டுக் குழவி! அது மொளகா அரைக்குமுங்க, மனு வெசாரிக்காது!

கெளம்பியாச்சுங்களா? இந்தப் பக்கமா வாங்க. அக்கட்ட படியேறியே போறீங்களா? செருப்பு இங்க கெடக்குதுங்களே! சரி, கையில எடுத்துட்டு ஓடியாறனா? ஓட முடியாதுங்க, கை தூக்கினா வலிக்குது… ஏனுங்க! கேக்குதுங்களா? போனாப் போகுது. மனுத்தான் வச்சுட்டீங்க. திரும்பி ஒரு எட்டுப் போயி, அந்தக் குட்டக் கன்னி கிட்ட என்ற தோள்பட்டைக்கும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிப்போடுங்க! நானாச் சொல்ல முடியாதுங்க, எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல…

ஏனுங்க… ஒரு 'உம்'மாவது கொட்டீட்டுப் போங்களேன்…